பங்களா வாசலில் புதைத்த புகை

இலங்கை மலைநாட்டில் எங்கள் மடுல்சீமைப் பக்கம் எதற்கு வேண்டுமானாலும் பஞ்சம் வரும், பனிமூட்டத்துக்கு மட்டும் வராது. பின்னேரம் மூன்று, நான்கு மணிக்கு அது மலையை விட்டு இறங்கி, யாரையும் கேட்காமல் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்து, அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். காயப்போட்ட துணி காயாது. எதிர் லயம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை அம்மாமார் சத்தம் கொடுத்துத்தான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில், மண்ணுக்கடியில் குழாய் புதைத்துப் புகை வரவழைக்க ஒரு குடும்பம் ராப்பகலாகப் பாடுபட்டது என்று சொன்னால், கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவர்கள் என்றுதான் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் எங்களுடையதுதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. நாட்டில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டில் இருந்தவர்கள் பயமில்லாமல் ஊருக்கு வந்துபோகத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தோட்டத்தை நடத்திய துரையின் மனைவிக்கு, அதாவது துரைசாணிக்கு, லண்டனில் ஒரு தங்கை இருந்தார். அவர் தன் இரண்டு பிள்ளைகளோடு ஐப்பசி மாதம் பங்களாவுக்கு வந்து தங்குவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்குத்தான் ஒரு குறை. அவர்கள் வரும் வாரத்தில் அங்கே ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை, அதை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அழுதார்களாம். அழ வேண்டாம், எல்லாவற்றையும் இங்கேயே செய்துவிடலாம் என்று துரைசாணி வாக்குக் கொடுத்துவிட்டார். பேய் வேஷம், முகம் வெட்டிய பூசணிக்காய், இவற்றுக்கெல்லாம் மேலாகப் பங்களாவின் முன்வாசல் புல்தரையில் மண்ணுக்குள்ளிருந்து புகை கசிந்து தரையோடு தரையாகத் தவழ வேண்டும். சுடுகாட்டில் நிற்பது போல இருக்க வேண்டும். காசு செலவழித்துச் சுடுகாட்டு எண்ணத்தை வாங்குகிற ஒரு பண்டிகை உலகத்தில் இருக்கிறது என்பது எங்கள் லயத்துக்கு அன்றுதான் தெரிந்தது. பேய்த் தீவாளி என்று அதற்கு உடனே ஒரு பெயரும் வைத்தார்கள்.

வேலை அப்பாவிடம் வந்தது. அப்பா தேயிலை பெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவர். பங்களாவில் பல்பு எரியாவிட்டாலும் நாய்க்கூண்டின் கதவு கழன்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். முடியாது என்ற சொல் அப்பாவின் வாயில் வராது. "செஞ்சிடலாங்க" என்று அங்கே சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்.

புகைக்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் கீழே பள்ளத்திலிருந்து வந்தது. பாறையில் கசிகிற தண்ணீருக்கு ஒரு தகரத்தை வளைத்துச் செருகியிருப்பார்கள், அதுதான் பீலி. பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சறுக்குப் பாதையில் இறங்கி, நிறைகுடத்தோடு ஏற வேண்டும். இத்தனைக்கும் லயத்துக்கு மேலே, பங்களா பாதை ஓரத்தில், இன்னொரு ஊற்று இருந்தது. அந்தத் தண்ணீர் ஒருவருக்கும் பயன்படாமல் கானில், அதாவது வடிகாலில், ஓடி வீணாகிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் போட்டால் தானாகவே இறங்கி லயத்து வாசலுக்கு வந்துவிடும். ஆபீசில் போய்க் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: பைப் இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம். எழுதியது எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததோ, எனக்குத் தெரிந்த காலம் முழுக்கப் பதில் வரவில்லை.

அந்தப் பீலிப் பாதையில்தான் அத்தை விழுந்தாள். அத்தை, அப்பாவின் தங்கை. மாமாவோடு எங்களுக்கு அடுத்த காம்பிராவில், அதாவது லயத்தின் அடுத்த அறையில் இருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்று வாழ்த்துவார்கள். சித்திரை மழையில், அத்தையின் வயிறு பெரிதாக இருந்த நேரம், குடத்தோடு சறுக்கிப் பள்ளத்தில் போய்க் கிடந்தாள். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வயிறு இல்லை. அத்தைக்குக் கடும் காய்ச்சல், அதனால் மெலிந்துவிட்டாள் என்றார்கள். எனக்கு வருவதாகச் சொல்லியிருந்த தம்பிப் பாப்பா எங்கே என்று கேட்டேன். "அது அப்பறமா வரும்" என்றார்கள். பெரியவர்கள் தருவதாகச் சொன்னதில் முக்கால்வாசி அப்புறமாகத்தான் வரும் என்பது எனக்குப் பழகிப்போயிருந்ததால் நம்பிவிட்டேன். அன்று அப்பாவும் மாமாவும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய், ஒரு கொய்யாக் கன்று நட்டுவிட்டு வந்தார்கள். கொட்டுகிற மழையில் எதற்குக் கன்று என்று கேட்டேன். மழையில் நட்டால்தான் பிடிக்கும் என்றார் அப்பா.

அன்றைக்குப் பிறகு அம்மா அத்தையைப் பீலிப் பக்கம் விடவில்லை. இரண்டு வீட்டுத் தண்ணீரையும் தானே சுமந்தாள். அம்மா சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான், ஆளையே தூக்கினாலும் பிடி விடாது.

புகைக்கான குழாய்கள் பதுளையிலிருந்து லொறியில் வந்து இறங்கின. கைப்பிடிக்கு அடங்காத, சாம்பல் நிறப் புதுக் குழாய்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வெறும் கூடையை முதுகில் தொங்கவிட்டபடியே வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"அந்த பைப்பு எதுக்குங்க?"

"பொகைக்கு" என்றார் அப்பா.

"பொகைக்கா?"

"மண்ணுக்குள்ள பொதைச்சு, அதுக்குள்ள பொகைய விட்டு, மேல வரவைக்கணும்."

"எத்தினி நாளைக்கி?"

"நாளா? ஒரு சாயந்தரத்துக்கு."

அம்மா கோபப்படவில்லை. அப்பாவுக்குப் பயம் பிடித்ததே அதனால்தான். அவள் கூடையை இறக்கி வைத்தாள், தேத்தண்ணி ஊற்றினாள், அப்பாவுக்கு வழக்கத்தை விடச் சீனி கூடுதலாகக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் மட்டக்கம்பை எடுத்தாள். தேயிலைச் செடிகளின் மேல் மட்டம் பார்ப்பதற்காகக் கொழுந்து எடுக்கிறவர்கள் கொண்டுபோகும் நீளக் குச்சி அது. அதை வைத்துப் பங்களாப் பாதை ஊற்றிலிருந்து லயத்து வாசல் வரைக்கும் அளந்துகொண்டு வந்தாள். அப்புறம் பங்களா கொட்டிலில் அடுக்கியிருந்த குழாய்களையும் அளந்தாள். "போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் போன எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரும் வழியில் அவளே சொன்னாள்.

"தொரசாணி மனசு நெறைய பொகை வந்துட்டா, அந்தப் பைப்பக் கேட்டு வாங்கிரலாம்டீ. நம்ம வாசலுக்குத் தண்ணி வந்துரும். ஒன் அத்த பள்ளத்துல எறங்க வேணாம்."

இவ்வளவுதான் அம்மாவின் திட்டம். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் துரைசாணியை விடப் புகையில் அக்கறை உள்ள ஆள் என் அம்மாதான்.

முதல் சண்டை அப்பாவோடு. புகை வெளியே வர வேண்டுமென்றால் குழாயில் ஓட்டை போட வேண்டும். அப்பா ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு குழாயில் வரிசையாகத் துளை போட்டு முடித்திருந்தார். அம்மா போய்ப் பார்த்தாள். அடுத்த குழாயை அப்பா இழுப்பதற்குள் மிச்சக் குழாய்களின் மேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி புள்ள, வேல கெடக்கு."

"ஓட்டப் பைப்புல தண்ணி நிக்குமா?"

"இது பொகைக்கு வாங்குனது."

"எனக்குத் தண்ணிக்கு. இன்னும் ஒரு ஓட்டை போடணும்னா, அந்தக் கம்பிய மொதல்ல என் மேல வைங்க."

ஓட்டை இல்லாமல் புகை எப்படி வரும் என்று அப்பா கேட்டார். அது அம்மாவுக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எழுந்திருக்கவில்லை. மூங்கிலில் செய்யலாமா என்றாள். தகரத்தை வளைக்கலாமா என்றாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். வழி கடைசியில் தற்செயலாகத்தான் வந்தது. குழாய்களை ஒட்டுகிற பசை கடையில் முடிந்துபோயிருந்தது. சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று, கல்யாண வீடுகளுக்குப் பாட்டுக்கோஷ்டி நடத்துகிற ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த புகைப்பெட்டியை வைத்து, ஒட்டாத குழாய்களைச் செருகிப் புகையை விட்டார் அப்பா. செருகிய இடத்திலெல்லாம் புகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா தலையில் கை வைத்தார். அம்மா கை தட்டினாள். ஒட்டாமல், ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் புதைத்தால் போதும். குழாய்க்கும் சேதமில்லை, புகைக்கும் குறைவில்லை.

அடுத்த கஷ்டம் வேறு மாதிரி வந்தது. புகை சூடாக இருந்தது. தரையில் தவழ வேண்டியது, சாம்பிராணி போட்ட மாதிரி நேரே கூரைக்குப் போய்விட்டது. ஐஸ் போட்ட பெட்டிக்குள் விட்டுக் குளிர வைத்தால்தான் கீழே கிடக்கும் என்று பாட்டுக்கோஷ்டிக்காரர் சொல்லி அனுப்பினார். அப்பா பதுளைக்குப் போய் மீன் கடையில் ஐஸ்கட்டி வாங்கி, மரத்தூளும் சாக்கும் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். ஐஸில் பாதி வழியில் பசறையிலேயே இறங்கிவிட்டது. மீதியில் பாதி பஸ்ஸில் வந்தவர்களின் செருப்பை நனைத்தது. வந்து சேர்ந்தது ஒரு செங்கல் அளவுக்குத்தான். அம்மா அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்கியாந்தா மிஞ்சும்" என்று மட்டும் சொல்லி, பண்டிகை நாளில் மறுபடியும் அனுப்பினாள். மீன் விற்கிறவரிடம் வெள்ளைப் பெட்டி ஒன்றையும் இரவல் கேட்டு வாங்கினாள். பங்களா வாசலில் லண்டன் பிள்ளைகளுக்காகத் தவழ்ந்த புகைக்குக் கொஞ்சம் சூரைமீன் வாடையும் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கான் வெட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. பங்களா வாசலில் பள்ளம் தோண்டுகிறார்கள், எதையோ புதைக்கிறார்கள், பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நிமிஷமே லயத்தில் தீர்ப்பாகிவிட்டது. செய்வினை! யாரோ துரைக்கு வைக்கிறார்கள், அல்லது துரை யாருக்கோ வைக்கிறார். சூனியம் புதைக்கிற குழியில் மம்பட்டி போட்டால் கை விளங்காமல் போகும் என்றார்கள். அம்மா வீடு வீடாகப் போனாள். செய்வினை இல்லை, வெள்ளைக்காரப் பண்டிகை என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. கடைசியில் அவர்களுக்கு நம்பத் தகுந்ததாக ஒன்றைச் சொன்னாள்.

"பங்களாவுக்குத் திஷ்டி கழிக்கிறாங்க. அதான் பூசணிக்கா."

திருஷ்டி என்றால் சரி. அது நல்ல காரியம். பெண்கள் பின்னேரங்களில் வந்து கை கொடுத்தார்கள். கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்களோடு புல்லைப் பத்தையாக வெட்டி எடுத்து, மண்ணைத் தோண்டி, குழாயை இறக்கி, மூட்டுகளின் மேல் சரளைக்கல் பரப்பி, பத்தைகளைத் திரும்ப வைத்து மூடினார்கள். அத்தையும் வந்தாள். அவளை அம்மா கல் தூக்க விடவில்லை. அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சரளைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அதைப் பார்க்க அஞ்சாங்கல் விளையாட்டு ஞாபகம் வந்தது.

பண்டிகை நாள் வந்தது. காலையில் நல்ல வெயில். துரைசாணி சந்தோஷமாக இருந்தார். அப்பா இரண்டாம் தடவை கொண்டுவந்த ஐஸ் பெட்டி நிறைய இருந்தது. லண்டன் பிள்ளைகள் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வாசலில் ஓடினார்கள். எல்லாம் தயார். நான்கு மணிக்கு, யாரும் அழைக்காத விருந்தாளியாகப் பனிமூட்டம் மலையை விட்டு இறங்கியது.

சாதாரணமாக அல்ல. முதலில் மலை போனது, பிறகு பெக்டரி போனது, பிறகு பங்களா வாசலில் நின்ற மரங்கள் போயின. அந்திக்கு முன்பே வாசல் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. அப்பா புகைப்பெட்டியைப் போட்டார். அது உறுமியது. துரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே பார்த்தார்.

"எங்க பொகை?"

"வருதுங்க."

"எது? இதுவா?"

"இதுதாங்க." அப்பா மண்டிபோட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். "இல்லீங்க தொரை, இது பனி. அந்தா, அங்கன இருக்குதே, அதுதாங்க பொகை." கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் பனிதாங்க" என்றார்.

துரை சிரித்துவிட்டார். துரைசாணி சிரிக்கவில்லை. பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு, உள்ளே போகலாம் என்று சிணுங்கினார்கள். அம்மா பங்களா மூலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பிடி இறுகியதில் என் விரல் வலித்தது. பிள்ளைகள் உள்ளே போய்விட்டால், புகை தோற்றுவிட்டால், எந்த முகத்தோடு போய்க் குழாயைக் கேட்பது?

அந்த நேரத்தில் மாமா வந்தார். மாமா பங்களா வாச்சர், காவல்காரர். அதிகம் பேசமாட்டார், சித்திரைக்குப் பிறகு அதுவும் இல்லை. திருஷ்டிக்குத்தான் பூசணிக்காய் என்று அம்மா ஊருக்குச் சொன்னதை மாமாவும் நம்பியிருந்தார். பொழுது சாய்ந்தும் ஒருவரும் அதை உடைக்கிற வழியைக் காணோம், வெட்டிய பூசணியை இப்படியே வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பொறுப்புள்ள மனிதராக யோசித்திருக்கிறார். வாசற்படியில் பல்லிளித்துக்கொண்டிருந்த பெரிய பூசணிக்காயைத் தூக்கினார். உள்ளே எரிந்த மெழுகுதிரியை எடுத்துவிட்டு, தன் மடியிலிருந்த கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். துரை, துரைசாணி, லண்டன் தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றினார். பனிக்குள் ஒரு பெரிய நெருப்புக் கண் மட்டும் அலைந்தது. பிறகு கேட்டடிக்குப் போய், இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, ஓங்கி அடித்தார்.

பூசணிக்காய் வெடித்த சத்தத்தில் பங்களா நாய்கள் ஊளையிட்டன. பிள்ளைகள் அலறினார்கள். அலறி முடித்ததும், குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார்கள். மாமா இருந்த பூசணிக்காய் முழுவதையும் ஒவ்வொன்றாகச் சுற்றி உடைத்தார். ஒரு பூசணிக்கே தீர்ந்துபோகிற திருஷ்டிக்கு மாமா ஏன் அத்தனை பலத்தோடு அத்தனையையும் அடித்தார் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கற்பூரப் புகை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

லண்டனில்கூட இப்படி ஒரு ஹாலோவீன் பார்த்ததில்லை என்று பிள்ளைகள் சொன்னார்களாம். துரைசாணிக்கு மனம் நிறைந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அம்மா என் விரலை விட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேட்பதற்காக ஓர் அடி முன்னால் வைத்தாள். அதற்குள் துரைசாணியே சொல்லிவிட்டார்.

"பைப் எடுக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். அடுத்த வருசமும் செய்வோம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. புகை தோற்றிருந்தால் குழாய் மூலையில் கிடந்திருக்கும், கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஜெயித்ததால் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்மா வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

"விட்ரு புள்ள" என்றார் அப்பா.

"எதுக்கு விடணும்? பைப்பு எங்கயும் போயிரல, மண்ணுக்குள்ளதான் கெடக்கு. நானும் இங்கதான் கெடக்கேன்."

அந்த வாரத்திலேயே எங்கள் தீபாவளியும் வந்தது. முதல் நாள் மாலையில் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் செத்துப்போனவர்களுக்குப் படையல் வைப்போம். இலை விரித்து, அவர்களுக்குப் பிடித்த பண்டமும் புதுத்துணியும் வைத்துக் கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். பங்களாவில் வேஷம் போட்டுச் செய்ததை நாங்கள் வேஷமில்லாமல் செய்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அத்தை வீட்டுப் படையலில் அந்த வருடம் பெரிய இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை இருந்தது. அதில் ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரில் பால், கைக்குட்டை அளவுக்கு ஒரு சட்டை. சட்டை எனக்குப் பத்தாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பாலாவது எனக்காக இருக்கும் என்று நினைத்தேன். கதவு திறந்ததும் எடுக்கப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். அடிக்கவில்லை. மெதுவாகத்தான் பிடித்தாள்.

தீபாவளிக் காலையில் தப்பு மேளம் அடித்துக்கொண்டு எல்லோரும் பங்களாவுக்குப் போவது வழக்கம். துரைக்கு மாலை போட்டு, பலகாரத் தட்டைக் கொடுப்போம். துரை எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "எல்லாரும் சந்தோசந்தானே? கொறை ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்பார். "ஒரு கொறையும் இல்லீங்க தொரை" என்று எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் சொல்வார். உடனே தப்பு மறுபடியும் முழங்கும். எனக்கு முன்னால் எத்தனையோ துரைமாரும் எத்தனையோ தலைவர்மாரும் இந்தக் கேள்வியையும் பதிலையும் தவறாமல் சொல்லி வந்திருக்கிறார்கள். அது பதில் எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை என்பது தப்புக்காரருக்கும் தெரியும். அவர் குச்சியை ஓங்கியபடிதான் நிற்பார்.

அன்று துரை கேட்டார். தலைவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்குங்க தொரை."

அம்மா. ஓங்கிய குச்சி ஓங்கியபடியே நின்றது. தலைவர் திரும்பி முறைத்தார். அப்பா தரையைப் பார்த்தார், முந்தின வாரம் அவரே குழாய் புதைத்த தரை. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பலகாரத் தட்டு அத்தையின் கையில் இருந்தது.

"இந்த வாசல்ல படுத்துக் கெடக்குற பைப்ப எங்களுக்குக் குடுங்க. மேல் ஊத்துத் தண்ணிய லயத்துக்கு எறக்கிக்கிறோம்."

"அது அடுத்த வருசத்துக்கு வேணுமே" என்றார் துரை.

"தாறோங்க. ஒட்டாமத்தான் பொதைச்சிருக்கு, கழட்டுனா வந்துரும். அடுத்த வருசம் இந்த நாளு வந்ததும் நாங்களே கழட்டியாந்து, நாங்களே பொதைச்சு, நாங்களே பொகை வரவச்சுத் தாறோம். மறுநா திரும்ப எடுத்துக்கிறோம். ஒரு நா ஒங்களுக்கு, மத்த நாளெல்லாம் எங்களுக்கு."

துரை வாசல் புல்லைப் பார்த்தார். துரைசாணியைப் பார்த்தார். அம்மாவும் துரைசாணியைப் பார்த்தாள். அப்புறம்தான் அதைச் சொன்னாள், சத்தமே இல்லாமல்.

"போன மழைக்கு இந்தப் புள்ள பீலிப் பள்ளத்துல விழுந்துருச்சுங்கம்மா. வயித்தோட."

துரைசாணி அத்தையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், தட்டுக்குக் கீழே அத்தையின் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போனது. துரையிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், இரண்டே சொல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விழுந்த அத்தை எழுந்து நன்றாகத்தானே நிற்கிறாள், காய்ச்சலும் விட்டுவிட்டது, இதற்கு ஏன் இந்த அம்மாள் அழப் போகிறவர் மாதிரி இருக்கிறார் என்று நினைத்தேன். "எடுத்துக்கங்க" என்றார் துரை. தப்புக்காரர் அதுவரை காத்திருந்ததெல்லாம் சேர்த்து அடித்தார்.

புதுச்சேலையோடு அன்றைக்கே தோண்டினார்கள். லயமே வந்தது. செய்வினைக்குப் பயந்தவர்கள் முதல் ஆளாக வந்து மம்பட்டி பிடித்தார்கள். இந்தத் தடவை அப்பா பசை வைத்து ஒட்டப் பார்த்தார். அம்மா விடவில்லை. கொடுத்த வாக்குக் கொடுத்ததுதான், மூட்டுகளில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டினால் போதும் என்றாள். அடுத்த ஐப்பசிக்கு முன்னால் அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார், வந்தவருக்கு எந்தப் பேயோடும் சம்பந்தமில்லை. ஆனாலும் பல வருடங்கள் வரை அம்மா ஒரு மூட்டையும் ஒட்டவிடவில்லை. அப்பா முதலில் துளைபோட்ட அந்த ஒற்றைக் குழாய்க்கும் டியூப் சுற்றினார்கள். அது அடங்கவில்லை. வரிசையாகத் தண்ணீர் பீறிட்டது. லயத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் குளிக்கிற இடம் ஆனது.

மேலே ஊற்றில் குழாயைச் செருகிவிட்டு மாமா குரல் கொடுத்தார். கீழே எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். முதல் குடம் தலைவர் வீட்டுக்கு என்று யாரோ சொன்னார்கள். அம்மா அத்தையை இழுத்து முன்னால் விட்டாள். அத்தை குடம் கொண்டுவரவில்லை. சேலைக்குள்ளிருந்து அந்தச் சின்ன டம்ளரை எடுத்தாள். முதலில் காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு ஒரு துண்டு சரளைக்கல், பிறகு தண்ணீர். தெளிகிற வரைக்கும் பொறுத்திருந்து டம்ளரை நிறைத்துக்கொண்டாள். ஒருவரையும் பார்க்காமல், துளி சிந்தாமல் லயத்துக்குப் பின்னால் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். கொய்யாக் கன்றின் அடியில் குனிந்து, டம்ளரை மெதுவாகச் சாய்த்து முழுவதையும் ஊற்றினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐப்பசி மழையில் அந்த மண் கால் வைத்தால் புதைகிற அளவுக்கு ஊறிக் கிடந்தது. இதற்கு மேல் அந்தக் கன்றுக்கு எதற்குத் தண்ணீர்? அம்மாவிடம் ஓடிவந்து, இவ்வளவு பாடுபட்டு வந்த முதல் தண்ணீரை அத்தை வீணாக்கிவிட்டாள் என்று கோள் சொன்னேன். வாய் கொப்பளிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டுக் கூடினாலும் தலையில் குட்டுகிறவள் அம்மா. அன்று அவள் லயத்துக்குப் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைந்து வழிந்துகொண்டிருந்த குடத்தைக்கூட எடுக்காமல் நின்றாள். அத்தைக்கு நல்ல ஏச்சு விழும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.